சைபர் லேபுக்கு என்.ஏ.பி.எல். "வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. எங்கே ஆரம்பிக்கிறது?

இரவுப்பணி_எஸ்ஐ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒண்ணுல டெக்னிக்கல் எஸ்.ஐ.யா இருக்கேன். ஊர் பேர் வேண்டாமே. மாடியில ரெண்டு ரூம், ஒரு ஏ.சி., நாலு கம்ப்யூட்டர், ரெண்டு ரைட் பிளாக்கர் (டிஸ்க்கைப் படிக்க மட்டும் விட்டு, எதையும் எழுத விடாத கருவி), போனிலிருந்து டேட்டா எடுக்கிற சாப்ட்வேருக்கு ஒரு லைசென்ஸ். இதுதான் எங்க லேப். கூட ஒரு ஏட்டு, ஒரு காவலர். திருவிழா, தேர்தல்னா மூணு பேரையும் பந்தோபஸ்துக்கு இழுத்துடுவாங்க, லேப் பூட்டிக் கிடக்கும்.

போன மாச ரிவ்யூ மீட்டிங்ல மேலதிகாரி ஒருத்தர், "புதுக் குற்றவியல் சட்டம் வந்து இவ்வளவு நாளாச்சு, ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள கேஸுக்கெல்லாம் தடயவியல் ஆள் ஸ்பாட்டுக்குப் போகணும், நம்ம லேபுக்கும் அக்ரெடிடேஷன் வாங்கிடுங்க, ஆறு மாசம் டைம்"னு சொல்லிட்டார். அதாவது, லேப் வேலையைச் சரியா செய்யுதுன்னு என்.ஏ.பி.எல்.ங்கற தேசிய அமைப்பு சோதிச்சுத் தர்ற அங்கீகாரம். ரேஷன் கார்டு வாங்கிடுங்கன்னு சொல்ற மாதிரி.

அதுக்கு அடிப்படையான ஐ.எஸ்.ஓ. 17025-ங்கற ஸ்டாண்டர்டை உட்கார்ந்து படிச்சேன். காலிபரேஷன் (கருவி சரியா அளக்குதான்னு ஒப்பிட்டுப் பார்க்கறது), அளவீட்டுப் பிழை வரம்புன்னு பக்கம் பக்கமா இருக்கு. வாட்ஸப் மெசேஜுக்கு என்ன பிழை வரம்பு எழுதறது? இதுக்கு நடுவுல ஒரு கன்சல்டன்ட் வந்து, "நாற்பது ஃபைல் ரெடிமேடா இருக்கு சார், பேரை மட்டும் மாத்திக்கலாம்"ங்கறார். வாங்கிக்கலாமா? இந்தச் சான்றிதழால கோர்ட்ல உண்மையிலேயே ஏதாவது பிரயோஜனம் உண்டா? இதைச் செஞ்சு பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

வடசேரிக்காரன் எழுதியது:

தம்பி, எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். 2011-லிருந்து இங்கிலாந்துல ஒரு போலீஸ் படையோட டிஜிட்டல் லேப்ல வேலை. எந்தப் படைன்னு கேட்காதீங்க. உங்களுக்கு இப்ப வந்திருக்கிற தலைவலி எங்களுக்கு 2015-லயே வந்துடுச்சு. கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், டீ போட்டுக்கிட்டு வாங்க.

முதல்ல அந்த ஆறு மாசக் கதை. இங்கே அரசாங்கமே நடத்தின தடயவியல் சேவை ஒண்ணு இருந்தது. 2012 மார்ச்சில் இழுத்து மூடிட்டாங்க. போன், கம்ப்யூட்டர் வேலை பெரும்பாலும் போலீஸ் படைகளோட சொந்த லேப்லயே நடந்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து 43 படை, 43 விதமான பழக்கம். தடயவியல் ரெகுலேட்டர்னு ஒரு பதவி உண்டு. டிஜிட்டல் லேப் எல்லாம் 2017 அக்டோபருக்குள் 17025 வாங்கணும்னு அங்கிருந்து கெடு வந்தது. கெடுவும் வந்தது, தாண்டியும் போனது. பல படைகள் வாங்கலை. ரெகுலேட்டர் கையில அப்ப சட்ட அதிகாரமே கிடையாது, சீற மட்டும்தான் முடியும். 2021-ல்தான் அதுக்குன்னு தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி எழுதின நடைமுறை விதிகள் 2023 அக்டோபர் 2-ல்தான் நடைமுறைக்கு வந்தது. காசும் ஆளும் உங்களைவிட அதிகமா இருக்கிற இடத்துலயே இந்த நிலைமை. எங்க லேபுக்கு முதல் சான்றிதழ் கைக்கு வர ரெண்டரை வருஷம் ஆச்சு. மேலதிகாரிகிட்ட இதை எப்படிச் சொல்றதுங்கறது உங்க சாமர்த்தியம்.

ரெடிமேட் ஃபைல் பத்திக் கேட்டீங்க. நாங்களும் வாங்கினோம், வெட்கத்தை விட்டுச் சொல்றேன். ஏதோ கெமிக்கல் லேபுக்கு எழுதின ஃபைல். அதுல "குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைத் தினமும் இரு வேளை பதிவு செய்க"ன்னு ஒரு வரி. எங்ககிட்ட இருந்த ஒரே பிரிட்ஜ் டீக்குப் பால் வைக்கிற பிரிட்ஜ். யாரும் யோசிக்கலை. அஞ்சு வாரம் ஒரு பையன் காலையும் மாலையும் பால் பிரிட்ஜோட வெப்பநிலையை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான். யூகாஸ்ல இருந்து வந்த அசெஸ்ஸர் (உங்க ஊர் என்.ஏ.பி.எல். மாதிரி இங்கே யூகாஸ்) அந்த நோட்டை எடுத்து நிதானமாப் புரட்டிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்த ஃபைலை எழுதின பிறகு உங்கள்ல யாராவது படிச்சீங்களா?" மீதி நாள் பூரா அவர் கேட்ட எதுக்கும் எங்க வாயிலிருந்து தெளிவா பதில் வரலை.

அதனால அந்த நாற்பது ஃபைல் வேண்டாம். உங்க லேப்ல ஒரு போன் உள்ளே வந்து வெளியே போற வரைக்கும் யார் கை, எந்த அலமாரி, எந்தக் கேபிள்னு நீங்களே ஒரு நாள் கூடவே நடந்து பார்த்து எழுதுங்க. பத்து பக்கம் வந்தாப் போதும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். "லேபுக்கு அக்ரெடிடேஷன்"னு ஒண்ணு கிடையவே கிடையாது. இந்த முகவரியில, இந்த வேலையை, இந்த முறையில செய்யறதுக்குத்தான் கொடுக்கறாங்க. அதுக்கு ஸ்கோப்னு பேர். யூகாஸும் சரி, என்.ஏ.பி.எல்.லும் சரி, ஒவ்வொரு லேபோட ஸ்கோப்பையும் வெப்சைட்ல போட்டிருக்காங்க, போய்ப் பாருங்க. நாங்க முதல்ல வாங்கினது ஹார்ட் டிஸ்க் இமேஜ் எடுக்கறதுக்கு மட்டும். ரைட் பிளாக்கர் போட்டு, அப்படியே நகலெடுத்து, ஹாஷ் (டேட்டாவுக்குக் கைரேகை மாதிரி கணக்குப் போட்டு எடுக்கிற எண்) சரிபார்க்கிற வேலை. பத்து வருஷமா பெரிசா மாறாத வேலை. போன் அப்புறம். சிப்பைக் கழற்றி எடுக்கறதெல்லாம் கடைசி வரைக்கும் ஸ்கோப்புக்குள்ள கொண்டு வரவே இல்லை. நீங்களும் டிஸ்க்ல ஆரம்பிங்க. எஸ்.எஸ்.டி.யை (சுழலும் தட்டு இல்லாம சிப்ல சேமிக்கிற டிஸ்க்) மட்டும் தனியா எழுதுங்க. கரண்ட் கொடுத்தாலே அது உள்ளுக்குள்ள தானா அழிக்க ஆரம்பிக்கலாம். ரெண்டு தடவை எடுத்தா ரெண்டு ஹாஷ் வரலாம், கோர்ட்ல நின்னு முழிக்க வேண்டியிருக்கும்.

காலிபரேஷன் பத்தி. அந்த ஸ்டாண்டர்ட் தராசும் தெர்மாமீட்டரும் வெச்சிருக்கிற லேபுக்காகப் பிறந்தது, நம்ம வேலைக்குச் சட்டை கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும். இங்கேயும் இதைத் திட்டாத ஆள் இல்லை. நம்மகிட்ட அளக்கிற கருவின்னா கடிகாரம்தான். லேப் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நேர சர்வரோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. போன் வந்ததும் அது காட்டுற நேரத்தையும் நிஜ நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் போட்டோ எடுங்க. ரைட் பிளாக்கரை வாரம் ஒரு தடவை ஒரு பழைய டிஸ்க்ல எழுத முயற்சி பண்ணிப் பாருங்க, எழுத விடலைன்னா பாஸ். வாட்ஸப் மெசேஜுக்குப் பிழை வரம்பு எழுதச் சொல்லி யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா "இந்த மெசேஜ் வேற நேரத்துல, வேற ஆள் பேர்ல தெரிய வாய்ப்பு உண்டா, அது உனக்கு எப்படித் தெரியும்"னு கேட்பாங்க.

அதுக்குத்தான் வேலிடேஷன். உயிரே இதுலதான் இருக்கு. எங்க லேப்ல ஒரு ஷூ பெட்டி நிறைய செகண்ட்ஹேண்ட் போன். மேலே டி-01, டி-02ன்னு ஸ்டிக்கர். ஒவ்வொண்ணுலயும் நாங்களே உட்கார்ந்து மெசேஜ் அனுப்புவோம், கால் பண்ணுவோம், படம் எடுப்போம், சிலதை அழிப்போம். எதை எத்தனை மணிக்குச் செஞ்சோம்னு கோடு போட்ட நோட்டுல பேனாவால எழுதுவோம். அப்புறம் சாப்ட்வேர் போட்டு எடுத்து, அது சொல்றதையும் நோட்டு சொல்றதையும் வரிக்கு வரி ஒப்பிடுவோம். அமெரிக்காவோட நிஸ்ட் நிறுவனம் இந்தக் கருவிகளைச் சோதிச்சு அறிக்கை போடுது, படிங்க. ஆனா அதைக் காட்டித் தப்பிக்க முடியாது. உன் மேஜையில, உன் வெர்ஷன்ல, உன் ஆள் கையில சரியா வருதாங்கறதுதான் கேள்வி.

எங்க தப்பு ஒண்ணைச் சொல்றேன். ஒரு டிசம்பர்ல போன் சாப்ட்வேருக்கு அப்டேட் வந்தது. சின்ன அப்டேட்தானேன்னு ஷூ பெட்டியைத் திறக்கலை. பிப்ரவரியில வேற எதுக்கோ டி-07-ஐ எடுத்தோம். அதுல ஒரு ஜூலை மாசம் நான் தமிழ்ல அனுப்பின மெசேஜ் இருந்தது: "பால் வாங்கணும்". நோட்டுல 18:12. ரிப்போர்ட்ல 17:12. இங்கே கோடைக்காலத்துல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெப்பாங்க. புது வெர்ஷன், மெசேஜ் போன தேதியைப் பார்க்காம, எங்க கம்ப்யூட்டர்ல அன்னைக்கு ஓடற குளிர்கால நேரத்தை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கு. அந்த ரெண்டு மாசத்துல 11 கேஸ் ரிப்போர்ட் வெளியே போயிருந்தது. பதினொண்ணையும் திரும்பச் செஞ்சோம், ஒவ்வொரு விசாரணை அதிகாரிக்கும் கடிதம் எழுதினோம். பத்துல அந்த ஒரு மணி நேரம் பொருட்டே இல்லை. ஒண்ணுல இருந்தது. அதுக்கு மேல இங்கே எழுத முடியாது.

உங்க ஊர்ல கோடை நேரம் இல்லைன்னு நிம்மதி ஆகாதீங்க. அஞ்சரை மணி நேரம் இருக்கு. ஒரே ரிப்போர்ட்ல கால் லிஸ்ட் இந்திய நேரத்துலயும், ஏதோ ஒரு ஆப்போட மெசேஜ் கிரீன்விச் நேரத்துலயும் வந்து நிற்கும். ராத்திரி 2 மணிக் கொலை முந்தின நாள் ராத்திரி எட்டரைக்குப் போயிடும்.

இன்னொண்ணு, எந்த அசெஸ்ஸரும் கேட்க மாட்டார், நீங்களாத்தான் கேட்டுக்கணும்: தமிழ். யூனிகோட்ல "கொ"வை ரெண்டு விதமா சேமிக்கலாம். க-வுக்குப் பின்னால ஒகரக் குறி ஒரே எழுத்தா இருக்கலாம், இல்லைன்னா கொம்பும் காலும் ரெண்டு எழுத்தா இருக்கலாம். திரையில ரெண்டும் ஒண்ணுபோலவே தெரியும். தேடும்போது இந்த ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்காத சாப்ட்வேர் பாதியை விட்டுடும், "கிடைக்கவில்லை"ன்னு ரிப்போர்ட் தரும். ஓகாரம், ஔகாரத்துக்கும் இதே கதை. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்னா யூனிகோடுக்கு முந்தின எழுத்துரு இருக்கும், வெறும் ஆங்கிலக் குப்பையாத் தெரியும். நம்ம ஆட்கள் ஆங்கில எழுத்துல தமிழ் அடிக்கறது தனிக் கூத்து. உங்க டெஸ்ட் போன்ல இதெல்லாம் இருக்கணும்.

சான்றிதழால எல்லாம் சரியாகிடும்னும் நினைக்காதீங்க. 2017-ல மான்செஸ்டர் பக்கம் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேப்ல தரக்கட்டுப்பாட்டு டேட்டாவையே திருத்தியிருக்காங்கன்னு வெளியே வந்தது. அந்த லேபுக்கும் 17025 இருந்தது. 10,000-க்கு மேற்பட்ட மாதிரிகள் சந்தேகத்துல விழுந்தது. இன்னொரு பக்கம், 2022 டிசம்பர்ல இங்கே போலீஸைத் தணிக்கை பண்ற அமைப்பு ஒரு அறிக்கை விட்டது, 25,000-க்கு மேல் கருவிகள் வரிசையில காத்துக் கிடக்குதுன்னு. பேப்பர் வேலைக்கும் ஆள் வேணும், போன் பார்க்கவும் அதே ஆள்தான். இதுல யாரும் ஜெயிச்ச மாதிரி எனக்குத் தெரியலை.

மதுரை_வக்கீல் எழுதியது:

வடசேரிக்காரர் சொன்னதோடு கோர்ட் பக்கத்தையும் சொல்கிறேன். நான் எதிரித் தரப்பில் ஆஜராகிறவன், அதை மனதில் வைத்துப் படியுங்கள் எஸ்.ஐ. சார்.

நீங்கள் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. என்.ஏ.பி.எல். வேறு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஏ வேறு. 79ஏ-யில் மத்திய அரசு அறிவித்த லேப்தான் "மின்னணுச் சான்று ஆய்வாளர்". அவர் கருத்தைத்தான் சாட்சியச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. புது சாட்சிய அதினியத்தில் பிரிவு 39. நீங்கள் என்.ஏ.பி.எல். வாங்கிவிட்டதாலேயே 79ஏ ஆய்வாளர் ஆகிவிட மாட்டீர்கள்.

அடுத்து, மின்னணுச் சான்றோடு கோர்ட்டில் தாக்கல் செய்யும் சான்றிதழ். 2014-ல் அன்வர் தீர்ப்பு, 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு, இவையெல்லாம் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் புது அதினியத்தின் பிரிவு 63. அதன் படிவத்தில் இரண்டு பகுதி. முதல் பகுதி கருவியைக் கையாண்டவருக்கு, இரண்டாம் பகுதி நிபுணருக்கு. ஹாஷ் மதிப்பையும் எந்த முறையில் எடுத்தது என்பதையும் அதில் எழுத வேண்டும். இந்த இரண்டாம் பகுதியில் கையெழுத்துப் போடுகிறவரைத்தான் நான் கூண்டில் பிடிப்பேன்.

உங்கள் லேபுக்கு என்.ஏ.பி.எல். சான்றிதழ் உண்டா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் "உண்டு" என்று சொல்லிவிட்டால் எனக்குத்தான் நஷ்டம். நான் கேட்பது: எந்த வெர்ஷன்? அதைச் சோதித்தது யார், எப்போது? நீங்கள் எந்த அதிகாரிக்குக் கீழே வேலை செய்கிறீர்கள்? இந்த வழக்கின் விசாரணை அதிகாரியும் அதே அதிகாரிக்குக் கீழேதானா? தமிழ்நாட்டில் தடயவியல் துறை காவல்துறையிலிருந்து தனித் துறையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 17025-லும் பாரபட்சமின்மை தொடக்கத்திலேயே வருகிறது. உங்கள் மாடி லேப் அந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறது?

நாமக்கல்_தரம் எழுதியது:

நான் கோழித்தீவனமும் தண்ணியும் டெஸ்ட் பண்ற லேப்ல குவாலிட்டி மேனேஜர்ங்க. போன் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா என்.ஏ.பி.எல். ஆடிட் எட்டுப் பார்த்துட்டேன், அதனால ரெண்டு வார்த்தை.

பால் பிரிட்ஜ் கதையைப் படிச்சு ஆபீஸ்ல சத்தமா சிரிச்சுட்டேனுங்க. எங்க லேப்ல அதே ரிஜிஸ்டர் நிஜமாவே வேணும்.

வர்றவங்க ஃபைலை விட ஆளைத்தான் பார்ப்பாங்க. எங்க லேப்ல பாத்திரம் கழுவற அக்காகிட்ட போய், "இந்த பாட்டில் உடைஞ்சா என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டாங்க. அந்தக்கா, "சாம்பிள் நம்பரைச் சொல்லி மேடத்துகிட்ட எழுத வெப்பேன்"னுச்சு. அன்னைக்கு எங்களைக் காப்பாத்தினது அந்தப் பதில்தான். உங்க ஏட்டையாவுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

தப்பு ரிஜிஸ்டர் காலியா இருந்தா சந்தோஷப்படாதீங்க. ஒரு வருஷம் தப்பே இல்லைன்னு காட்டினா அவங்க நம்ப மாட்டாங்க, தோண்ட ஆரம்பிப்பாங்க. அப்புறம் இந்த பந்தோபஸ்து விஷயம். யார் யார் எந்த டெஸ்ட் பண்ணலாம்னு பேர் போட்டு அத்தாட்சி எழுதணும். அந்த ஆள் டிரான்ஸ்பர் ஆகிட்டா அந்த டெஸ்ட் நின்னுடும். ஆள் மாத்தாம இருக்கறதுக்கு எழுத்துல உத்தரவு வாங்காம விண்ணப்பம் போடாதீங்க, கட்டின பணம் வீண்.

இரவுப்பணி_எஸ்ஐ எழுதியது:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. கன்சல்டன்டை அனுப்பி வெச்சுட்டேன். மேலதிகாரிகிட்ட இந்தத் திரியைக் காட்ட முடியாது, ஆனா 2017, 2023 தேதிகளை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். "சரி, முதல்ல டிஸ்க் மட்டும் பாருங்க"ன்னு இறங்கி வந்தார். ஆள் மாத்தாத உத்தரவுக்கு நோட் போட்டிருக்கேன், இன்னும் வரலை. வக்கீல் சார் கேட்ட பாரபட்சக் கேள்விக்கு எங்கிட்ட இன்னும் பதில் இல்லை.

அண்ணே, நேத்து ராத்திரி ஏட்டையா தன் மகளோட பழைய போனைக் கொண்டு வந்தார். அதையே டி-01 ஆக்கிட்டோம். "கொலை"ங்கற வார்த்தை வர்ற மாதிரி அஞ்சு மெசேஜ் அனுப்பினோம். மூணு போன்லயே அடிச்சது, ரெண்டு நீங்க சொன்ன மாதிரி கொம்பையும் காலையும் தனித்தனியா ஒட்டி அனுப்பினது. எங்க சாப்ட்வேர்ல தேடினா மூணுதான் வந்தது. ரெண்டு வருஷமா இதே சாப்ட்வேர்லதான் தேடிட்டு இருக்கோம். ஏட்டையா ஒண்ணும் பேசலை, எழுந்து போய் ஒரு புது நோட்டு எடுத்துட்டு வந்து, வரிசை எண் 1-னு போட்டு எழுத ஆரம்பிச்சுட்டார். இனி பழைய ரிப்போர்ட்ல எதெதுல தமிழ்ல தேடினோம்னு எடுக்கணும். எத்தனை வரும்னு நினைச்சா தூக்கம் வரலை.

வடசேரிக்காரன் எழுதியது:

மொத்தத்தையும் ஒரே ராத்திரியில எடுக்காதீங்க. "கிடைக்கவில்லை"ன்னு எழுதின ரிப்போர்ட்டை மட்டும் முதல்ல தனியா வைங்க. கிடைச்சதுல பிரச்சினை குறைவு. வெர்ஷன் நம்பரையும் அந்த வரிசை எண் 1-க்குப் பக்கத்துலயே எழுதச் சொல்லுங்க. ஏட்டையாவுக்கு என் வணக்கம்.

மதுரை_வக்கீல் எழுதியது:

அந்த நோட்டின் நகல் கிடைக்குமா சார்?

இரவுப்பணி_எஸ்ஐ எழுதியது:

மனு போடுங்க சார்.